ஒன்றை ஆறாகக் காட்டலாமா?

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றபோது ஓர் இளைஞர் என்னை ஒருபக்கமாக அழைத்துக் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேப்பமரத்தின் கீழ், பலர் பார்க்க நின்று கேட்டது. இதை எழுதலாமா என்று நான் வினவ, "பேர் மட்டும் போடாதேங்கோ பாதர்" என்று சம்மதமும் தந்தார்.

அவருடைய தாயார் பனங்குருத்தோலையில் மூடற்பெட்டி இழைப்பவர். தகப்பனார் இல்லை. மூத்த மகனாகிய இவர் அந்தப் பெட்டிகளைப் படம் பிடித்து இணையச் சந்தை ஒன்றிலே விற்றுக் கொடுக்கிறார். வீட்டுச் செலவும் தங்கையின் படிப்பும் அதிலேதான் ஓடுகின்றன. தொடக்கத்தில் ஒரே ஒரு பதிவுதான் போட்டிருந்தாராம். மாதம் இரண்டு மூன்று பெட்டி போகும். பிறகு நண்பர் ஒருவர் வழிகாட்ட, அதே பெட்டியை ஆறு தடவை போட்டார். ஒன்றுக்குப் பனையோலை மூடற்பெட்டி என்று பெயர், இன்னொன்றுக்கு யாழ்ப்பாணப் பரிசுப் பெட்டி, வேறொன்றுக்கு நகைப்பெட்டி. படங்களையும் சற்று மாற்றினார். ஒன்று விறாந்தையில் எடுத்தது, ஒன்று கிணற்றுக்கட்டில் வைத்து எடுத்தது. விற்பனை ஏறியது. ஏறிய சில மாதங்களில் சந்தையை நடத்தும் கொம்பனி அவற்றுள் மூன்றை நீக்கிவிட்டு, இனியும் செய்தால் கணக்கையே மூடிவிடுவோம் என்று எச்சரிக்கை அனுப்பியது.

"பாதர், நான் ஒரு சொல்லும் பொய்யா எழுதேல்லை. பெட்டி அம்மா இழைச்சதுதான். ஓலை எங்கட ஓலைதான். படமும் எங்கட வீட்டில எடுத்ததுதான். ஒரு உண்மையை ஆறு தரம் சொன்னா அது பொய்யாகுமோ?"

நல்ல கேள்வி. உடனே மறுமொழி சொல்ல எனக்கு வரவில்லை. குருமடத்தில் ஒழுக்க இறையியல் படித்த காலத்தில் படிக்கல்லையும் தராசையும் பற்றிப் படித்தோம். கலப்படம் பற்றிப் படித்தோம். உண்மையான சாமானை உண்மையான சொல்லால் ஆறு இடத்தில் காட்டுவதைப் பற்றி ஒருவரும் எமக்குப் படிப்பிக்கவில்லை. "அடுத்த கிழமை வாரும், கதைப்பம்" என்று சொல்லி அனுப்பினேன்.

இதிலே பழக்கமில்லாத பெரியவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். இணையச் சந்தை என்பது கூரையில்லாத சந்தை. விற்பவர் தம் பொருளின் படம், பெயர், விலை, விபரம் ஆகியவற்றை ஒரு பக்கமாக எழுதி இடுவார். அதைத்தான் 'லிஸ்டிங்' என்கிறார்கள். நாம் பதிவு என்போம். வாங்குபவர் கைத்தொலைபேசியில் 'பனையோலைப் பெட்டி' என்று எழுதித் தேடினால் பதிவுகள் வரிசையாக வரும். அந்தச் சிறு கண்ணாடியிலே ஒரு நேரத்தில் நாலைந்து பதிவுகளுக்குமேல் தெரியாது. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போகப் பொறுமையுள்ளவர் குறைவு. ஆகையால் அந்த நாலைந்து இடந்தான் கடைத்தெருவின் முன்பக்கம். ஒரு பதிவு போட்டவரைவிட ஆறு பதிவு போட்டவருக்கு அங்கே இடம் அகப்படும் வாய்ப்புக் கூட. சிலவேளை அந்த நாலும் அவருடையவையாகவே அமைந்துவிடும்.

பெரிய சந்தைகள் இதனை அனுமதிப்பதில்லை. ஈபே நிறுவனத்தின் விதிப்படி, நிலையான விலைக்கு விற்கும் ஒரே பொருளுக்கு ஒரு விற்பனையாளர் ஒரு நேரத்தில் ஒரு பதிவைத்தான் வைத்திருக்கலாம். அமேசன் இன்னுமொரு படி மேலே போகிறது. அங்கே ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். அதே பொருளை நூறு பேர் விற்றாலும் நூறு பேரும் அந்த ஒரே பக்கத்தில் வந்து சேரவேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுத்தும் இலக்கமுமாகப் பத்துக் குறிகள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. தவறுதலாக ஒரே பொருளுக்கு இரண்டு பக்கம் உண்டானால் அவற்றை ஒன்றாக்கிவிடுவார்கள்.

ஒரு பொருளுக்கு ஓர் இலக்கம் என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததன்று. 1974 யூன் 26ஆம் திகதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்ரோய் என்னும் ஊர்க் கடையொன்றிலே ஒரு சுவிங்கம் பொதியின்மேல் அச்சிட்டிருந்த கோடுகளை யந்திரம் வாசித்தது. இன்று நாம் பொருள்களில் காணும் வகைப் பார்கோட் கடையொன்றில் விற்பனையின்போது வாசிக்கப்பட்ட முதல் நாள் அதுவே. இலங்கையில் வழங்கப்படும் பார்கோட் இலக்கங்கள் 479 என்று தொடங்கும். வீட்டில் உள்ள பிஸ்கட் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். ஆனால் ஒரு தாய் விறாந்தையில் இருந்து இழைத்த ஓலைப்பெட்டிக்கு அப்படி ஓர் இலக்கம் இல்லை. இரண்டு படங்களில் இருப்பது ஒரே பெட்டி என்று யந்திரம் கண்டுபிடித்தாலும் பிடிக்கும், பிடிக்காமலும் விடும். இழைத்தவருக்கும் விற்றவருக்கும் மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

இரண்டாகப் போட்டதெல்லாம் குற்றம் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பெரிய பெட்டி வேறு, சிறிய பெட்டி வேறு. தனிப்பெட்டி வேறு, பன்னிரண்டு பெட்டிக் கட்டு வேறு. பழைய பதிவை மறந்துபோய்ப் புதிதாக ஒன்று போடுவதும், பட்டியலை ஏற்றும்போது இரு தரம் ஏறிவிடுவதும் தவறுகளே ஒழியப் பாவங்கள் அல்ல. கண்டவுடன் திருத்தினாற் போதும். கண்ட பின்னும், "விற்குது தானே, கிடக்கட்டும்" என்று விடும்போதுதான் நாம் பேசும் விடயம் தொடங்குகிறது. எமது இளைஞரோ மறந்து போட்டவர் அல்லர். யந்திரம் அடையாளம் காணக்கூடாதென்று கிணற்றுக்கட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம்.

புனித தோமஸ் அக்குவைனாஸ் 13ஆம் நூற்றாண்டிலே பொய்யைப் பற்றி எழுதும்போது, மனிதன் வாயினால் மட்டும் பேசுவதில்லை, செயலினாலும் பேசுகிறான் என்கிறார். உள்ளத்தில் இருப்பதற்கு மாறானதைச் சொல்லால் உணர்த்தினால் அது பொய். அதையே செயலால் உணர்த்தினாலும் பொய்யே. ஆனால் அதே இடத்தில் ஓர் எல்லையும் கீறுகிறார். உள்ளதைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. இல்லாததை உள்ளதாகக் காட்டுவதுதான் பொய். நாம் எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆயின், ஒன்றைக் காட்டத் தொடங்கிவிட்டால் உள்ளபடிதான் காட்டவேண்டும்.

இந்த எல்லையை விளக்கப் பழைய கதையொன்று உண்டு. உரோமையரான சிசெரோ கி.மு. 44இல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கிறிஸ்தவ அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகப் படித்து வந்த நூல் அது. ரோட்ஸ் தீவிலே பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கோதுமை கொண்டுவருகிறான். தனக்குப் பின்னால் இன்னும் பல கப்பல்கள் கோதுமையோடு வந்துகொண்டிருப்பதை வழியில் கண்டிருக்கிறான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும் என்கிறார் சிசெரோ. அக்குவைனாஸ் இதே கதையை எடுத்து, நீதியின்படி அவன் சொல்லக் கடமைப்படவில்லை, சொன்னால் அது மேலான புண்ணியம் என்று முடிக்கிறார். ஒரு பரிசுத்தர் அந்நிய அறிஞரைவிட வியாபாரிக்கு இளகிய மனம் காட்டுகிறார் என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லிச் சிரிப்பது நினைவுக்கு வருகிறது.

அடுத்த கிழமை வந்தபோது இளைஞர் தாமறியாமலே இந்த வாதத்தைத்தான் கையில் எடுத்தார். "ஆறும் என்ர எண்டு சொல்ல வேணும் எண்டு எங்க பாதர் இருக்கு? ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

ரோட்ஸ் வியாபாரி கடலிலே உண்மையாக வந்துகொண்டிருந்த கப்பல்களைப் பற்றி வாய் திறவாமல் இருந்தான். எமது இளைஞர் செய்தது அதன் மறுபக்கம். இல்லாத ஐந்து கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திக் காட்டினார். முன்னது மௌனம். பின்னதற்கு மௌனம் என்று பெயர் சொல்ல முடியாது.

சிசெரோவின் அதே நூலில் இதற்கு இன்னும் நெருங்கிய கதையொன்று இருக்கிறது. கடற்கரைப் பங்கு மக்களுக்கு அது நன்றாய் விளங்கும். சிசிலித் தீவின் சிராகூசா நகரம், அதாவது பின்னாளில் புனித லூசியா வேதசாட்சியாக மரித்த ஊர். கானியுஸ் என்னும் உரோமைப் பிரபு அங்கே ஓய்வாக வந்து தங்குவதற்குக் கடலோரத் தோட்டமொன்று தேடுகிறார். பித்தியுஸ் என்னும் வட்டிக்கடைக்காரருக்கு அப்படி ஒரு தோட்டம் உண்டு. அவர் கானியுசை மறுநாள் விருந்துக்கு அழைத்துவிட்டு, ஊர் மீனவர்களைக் கூப்பிட்டு, "நாளைக்கு எல்லாரும் என் தோட்டத்துக்கு முன்னால் வந்து மீன்பிடியுங்கள்" என்று ஏற்பாடு செய்கிறார். விருந்துக்கு வந்த கானியுஸ் பார்க்கிறார்: கண்ணுக்கெட்டிய தூரம் தோணிகள். ஒவ்வொரு மீனவனும் தான் பிடித்ததைக் கொண்டுவந்து பித்தியுசின் காலடியில் கொட்டுகிறான். இதென்ன என்று கேட்டால், ஊருக்கு வேண்டிய மீன் முழுவதும் இந்த இடத்தில்தான் படுகிறது என்று மறுமொழி. கானியுஸ் ஆசை தாங்காமல் கேட்ட விலை கொடுத்து வாங்கிவிடுகிறார். அடுத்தநாள் நண்பர்களை அழைத்துக்கொண்டு வந்து பார்த்தால் ஒரு தோணிகூட இல்லை. இன்று மீனவருக்கு ஏதும் பெருநாளா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிக்கிறார். இங்கே ஒருவரும் மீன்பிடிப்பதில்லையே, நேற்று என்ன நடந்ததென்று நானே ஆச்சரியப்பட்டேன் என்கிறார் அவர்.

கதையிலே எது பொய்? தோணி உண்மைத் தோணி. மீன் உண்மை மீன். தோட்டமும் உண்மையாகவே கடலோரத்தில்தான் இருந்தது. பித்தியுஸ் வாயால் சொன்ன அந்த ஒரு பொய்யை எடுத்துவிட்டாலும் ஏமாற்று அப்படியே நிற்கும். பொய்யைச் சுமந்து நின்றது தோணிகளின் தொகை. இவ்வளவு தோணி நிற்கிறதென்றால் இங்கே மீன் படுகிறது என்று பார்ப்பவர் தாமாகவே முடிவு செய்துகொள்வார். அந்த முடிவை உண்டாக்கத்தான் அத்தனையும் நிறுத்தப்பட்டன.

இணையச் சந்தையில் ஆறு பெட்டியைப் பார்ப்பவரும் அப்படித்தான் முடிவு செய்கிறார். ஆறு வீட்டில் இழைக்கிறார்கள், ஆறு பேரும் ஏறக்குறைய இதே விலை சொல்கிறார்கள், ஆகவே இதுதான் நியாயமான விலை. ஆறு பேரை விசாரித்துவிட்டு வாங்கியதாக நினைக்கிறார். விசாரித்ததோ ஒருவரை. ஆறு படத்துக்குக் கீழும் எழுதியிருந்தவை உண்மைதான். 'ஆறு' என்ற அந்தத் தொகை மட்டும் உண்மையில்லை. தொகையும் ஒரு கூற்றுத்தான்.

இதைச் சொல்லிக்கொண்டே அவருடைய கைத்தொலைபேசியை வாங்கி, நீக்கப்பட்டவற்றின் பழைய படங்களையும் பார்த்தேன். ஐந்து பதிவில் விலை 1,200 ரூபா. ஒன்றில் மட்டும் 1,650.

"இதேன் தம்பி?"

சற்று நேரம் பேசாமல் நின்றார். "அது ஒருத்தரும் வாங்கமாட்டினம் பாதர். அதைப் பாத்திட்டு மற்றதைப் பாத்தா மலிவாத் தெரியும்."

முதல் நாள் சொன்ன விபரங்களுள் விலை இடம்பெறவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓலையைச் சொன்னார், படத்தைச் சொன்னார், விலையை விட்டுவிட்டார். மனச்சாட்சி தனக்குத் தெரிந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். இதை நான் அவருக்கு மட்டும் சொல்லவில்லை.

முன்னர் உபாகமம் என்று நாம் வாசித்த இணைச்சட்ட நூலின் 25ஆம் அதிகாரம், ஒருவன் தன் பையிலே பெரிதும் சிறிதுமாக இருவகைப் படிக்கல் வைத்திருக்கக் கூடாது என்று தடுக்கிறது. வீட்டிலே இருவகை அளவையும் கூடாது. அதிலே நான் கவனிப்பது, அந்தக் கல்லால் நிறுத்து விற்றால் குற்றம் என்று சட்டம் காத்திருக்கவில்லை. பையில் வைத்திருத்தலே போதும். நல்ல வியாபாரிக்கு இரண்டாம் கல்லினால் ஒரு வேலையும் இல்லை. ஒரே பெட்டிக்கு 1,200 என்றும் 1,650 என்றும் இரண்டு பதிவு வைத்திருந்தால், அந்த 1,650ஐக் கொடுத்து ஒருவரும் வாங்காவிட்டாலும் அது பையிலே கிடக்கும் இரண்டாம் கல்தான். எமது நாட்டுச் சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரத்தில் பிறரைத் தவறாக எண்ணச் செய்யும் நடத்தையைத் தடைசெய்கிறது. சொல்லை மட்டுமன்றி நடத்தையை என்பதைக் கவனிக்கவேண்டும். பாவம் எது என்பதைச் சட்டத்தைப் பார்த்து நாம் தீர்மானிப்பதில்லை. ஆனாலும் உலகம் அறிந்திருப்பதை விசுவாசிகள் அறியாதிருப்பது அழகன்று.

விலை விடயத்தில் இளைஞர் மறுபேச்சின்றி இணங்கிவிட்டார். ஆனால் மற்ற ஐந்தையும் விட அவருக்கு மனமில்லை. அவர் சொன்ன காரணம் என்னைக் குத்தியது.

"பாதர், அந்தக் கொம்பனிக்குக் காசு கட்டினா எங்கட பெட்டியை மேல போடுவினம். பெரிய கடைக்காரர் எல்லாம் கட்டுகினம். காசு குடுத்து முன்னுக்கு வாறது சரி. காசில்லாதவன் ரெண்டு தரம் போட்டா மட்டும் பிழையோ?"

விளம்பரத்துக்குப் பக்கத்தில் விளம்பரம் என்று போட்டிருக்கும், வாங்குபவருக்கு அது தெரியும், உமது ஆறு பதிவிலோ அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அது சரியான மறுமொழி. ஆனால் முழுமையான மறுமொழியன்று என்பது எனக்கும் தெரியும். சந்தையிலே முன்னிடம் காசுக்கு விலைப்படுவதும், ஏழையின் கைவேலை அடியில் கிடப்பதும் சிறு விடயங்கள் அல்ல. சந்தையின் சொந்தக்காரரே தமது பொருளை முன்னுக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. கூகிள் நிறுவனம் பொருள் தேடுவோருக்குத் தனது விலை ஒப்பீட்டுச் சேவையை முன்னுக்கும் மற்றையோருடையதைப் பின்னுக்கும் காட்டியதற்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2017இல் 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024இல் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தண்டத்தை உறுதிசெய்தது. யாரை முன்னால் காட்டுவது, யாரைப் பின்னால் தள்ளுவது என்பது நீதி பற்றிய கேள்வி என்பதைப் பெரிய நீதிமன்றங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. இளைஞரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருடைய ஆறு பதிவும் அந்தக் கொம்பனியை ஒன்றும் செய்யவில்லை. விற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் அது தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப ஆருக்கு நட்டம், சொல்லுங்கோ?" என்று கேட்டார்.

அன்று எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். திருநெல்வேலிச் சந்தையிலே ஒருவர் விடியமுன் வந்து, ஆறு இடத்தில் சாக்கு விரித்து, தம் பிள்ளைகளை ஆளுக்கொரு சாக்கில் இருத்தி, ஒரே தோட்டத்துக் கத்தரிக்காயை ஆறாகப் பரப்பி வைத்தால் மற்றத் தோட்டக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்களா? கத்தரிக்காய் நல்லது, விலை நல்லது என்று அவர் சொல்லலாம். ஆனால் ஐந்து பேர் வாசலுக்கு வெளியே கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கேட்ட இளைஞர், "அது சந்தை பாதர். இணையத்தில இடத்துக்குக் குறைவில்லை. எத்தினை லட்சமும் போடலாம்" என்றார். எத்தனை இலட்சம் போட்டாலும் கண்ணாடியில் நாலுதான் தெரியும் என்றேன். உதாரணம் அவருக்குப் பிடிபட்டதாகத் தெரியவில்லை.

உண்மையான மறுமொழி எனக்குக் கிடைத்தது இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான். வேறோர் ஊரிலே நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொண்டுபோன வீட்டில் மூலையிலே ஒரு குவியல் மூடற்பெட்டி கண்டேன். சாயமிட்ட ஓலை வைத்து இழைத்த நல்ல வேலை. நோயாளியின் மகள் இழைத்தவை; கணவனை இழந்தவர். விற்பதில்லையா என்று கேட்டேன்.

"தம்பியின்ர மகன் போனில படம் போட்டுத் தாறன் எண்டு வந்தவன் பாதர். போட முதல், மற்ற ஆக்கள் என்ன விலைக்குப் போடுகினம் எண்டு பாத்தம். அஞ்சாறு பேர் போட்டிருக்கினம். எல்லாம் ஆயிரத்து இருநூறு. எனக்கு ஒரு பெட்டி முடிய ரெண்டரை நாள் போகுது. அந்த விலைக்குக் கட்டாது. இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில நான் எங்க நிண்டு விக்கிறது எண்டு விட்டிட்டன்."

அவர் பார்த்த அந்த ஐந்தாறு பேர் யார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வேலி வழியாகத் தெரிந்த கிணற்றைப் பார்த்ததும் நான் கேட்டேன்: "அதில ஒண்டு கிணத்துக்கட்டில வைச்சு எடுத்த படமோ?" ஓம் என்றார்.

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வது என் வேலையன்று. திரும்பி வந்து இளைஞரிடம் சொன்னேன், பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு. ஒரு போட்டியாளராவது இல்லாத இடத்தில் ஆறு போட்டியாளரைக் கண்டு ஒரு விதவை பின்வாங்கிவிட்டார் என்று. அந்த நாள் அவர் வாதாடவில்லை.

வேறு சிலவற்றையும் தாமாகவே சொல்லத் தொடங்கினார். சென்ற நத்தாருக்கு முன் பெரிய பெட்டி ஒன்றுதான் கையில் இருந்ததாம். ஆனால் அது இரண்டு பதிவில் இருந்தது. ஒரே நாளில் கண்டியிலிருந்து ஒருவரும் நீர்கொழும்பிலிருந்து ஒருவரும் அதை வாங்கிவிட்டார்கள். இருவரிடமும் காசு வந்துவிட்டது. ஒருவருக்குப் பெட்டியை அனுப்பி, மற்றவருக்கு, "பெட்டி மழையில் நனைந்து பழுதாகிவிட்டது, மன்னிக்கவும்" என்று எழுதிக் காசைத் திருப்பினார். அன்று மழையும் இல்லை, பெட்டி பழுதுபடவும் இல்லை. ஒரு சொல்லும் பொய்யாக எழுதவில்லை என்று வேப்பமரத்தடியில் சொன்னவர் இவர்தான். சொல்லும்போது இந்தக் கடிதம் அவருடைய ஞாபகத்தில் இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். செயலில் வைத்த பொய் பின்னால் வாயிலும் ஒரு பொய் கேட்கும்.

இன்னொரு பழக்கமும் இந்த உலகத்திலே உண்டு. இவர் அதைச் செய்யவில்லை. நண்பர் செய்யச் சொன்னாராம். ஒரு பதிவின் கீழ் வாங்கியவர்கள் குறை எழுதி நட்சத்திரம் குறைந்துவிட்டால், அந்தப் பதிவை அழித்துவிட்டு அதே பொருளைப் புதிய பெயரில் புதிதாகப் போடுவது. பழைய குறை ஒருவருக்கும் தெரியாது. இதன் மறுபக்கமும் உண்டு: நல்ல பெயர் வாங்கிய பழைய பொருளின் பக்கத்தோடு புதிய பொருளொன்றை ஒட்டி, அதன் புகழை இதற்கு எடுத்துக்கொள்வது. அமெரிக்காவிலே பௌன்டிபுல் என்னும் விற்றமின் கொம்பனி அமேசனில் இப்படிச் செய்ததாக அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டி, 2023இல் 6 இலட்சம் டொலர் செலுத்த வைத்தது. வேறு பொருளை ஒன்றாகக் காட்டியதற்கு அங்கே தண்டம். இங்கே நாம் பேசுவது ஒன்றை வேறாகக் காட்டுவது.

பதிவை அழித்துப் புதிதாய்ப் பிறப்பதைப் பற்றிக் கேட்டபோது, "பாவசங்கீர்த்தனமும் அப்பிடித்தானே பாதர், பழசை அழிச்சுப்போட்டுப் புதுசாத் தொடங்குறது?" என்றார் இளைஞர். பகடியாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு இரவு நித்திரை வர நேரமாயிற்று. அப்படியல்ல. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன் தன் பாவத்தைத் தன் வாயால் சொல்லிக்கொண்டு உள்ளே போகிறான். திரும்பி வரும்போதும் அவனே வருகிறான், வேறு பெயரில் வேறொருவன் வருவதில்லை. களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடனும் அவனோடு கூடவே வெளியே வருகிறது. புதிய பெயரில் பதிவு போடுபவனோ தன் பிழையை ஒருவரிடமும் சொல்லாமல் ஆளை மாற்றிக்கொள்கிறான்.

அப்படியானால் இந்தக் காரியத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்ன, யாருக்கு? வாங்கியவர்களுக்குப் பெரிய கடன் இருப்பதாக நான் நினைக்கவில்லை. 1,200 ரூபா அந்த வேலைக்குக் கூடிய விலையன்று; நல்ல பெட்டியும் கிடைத்தது. 1,650 கொடுத்து ஒருவரும் வாங்கவில்லை. கண்டிக்காரருக்கோ நீர்கொழும்புக்காரருக்கோ எழுதிய பொய்க்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதலாம், எழுதினாராம். இடத்தை இழந்த மற்ற விற்பனையாளர் எத்தனை பேர், எவ்வளவு இழந்தார்கள் என்பதை யாராலும் கணக்கிட முடியாது. யாருக்கு அநியாயம் செய்தோம் என்று அறிய முடியாதபோது அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுப்பது திருச்சபையில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஆனால் இந்தக் குடும்பமே ஏழைக் குடும்பம். தாயின் கைக்கூலியைப் பிடுங்கி உண்டியலில் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னுடன் படித்த குருவானவர் ஒருவரிடம் கேட்டேன். கூடுதலாகக் கிடைத்த இலாபத்தில் ஒரு பங்காவது கொடுக்கத்தான் வேண்டும் என்பது அவருடைய கருத்து. நான் அவரோடு முழுதும் உடன்படவில்லை. வாசகர்கள் தங்கள் வீடுகளில் இதைப் பேசிப் பார்க்கலாம்.

இளைஞர் ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தாமே நீக்கிவிட்டார். எதை வைப்பதென்று யோசித்து, முதன்முதல் போட்டதை, 'பனையோலை மூடற்பெட்டி' என்று உள்ளதை, வைத்தார். அதிலேதான் பழைய வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகள் இருந்தன. நூல் பிரிந்துபோனது என்று ஒருவர் எழுதிய குறையும் இருந்தது. விறாந்தைப் படம், கிணற்றுக்கட்டுப் படம், மூடி திறந்த படம் எல்லாவற்றையும் அந்த ஒரே பதிவுக்குள் சேர்த்திருக்கிறார். கையில் எத்தனை பெட்டி உண்டோ அத்தனை இலக்கமே அதிலே போட்டிருக்கிறது. விற்பனை குறைந்துதான் இருக்கிறது. தாயார் ஒருநாள் என்னைக் கண்டு, "முந்தி மாதிரி ஓடர் இல்லைப் பாதர்" என்று சொன்னபோது எனக்குத் தலைநிமிர்ந்து மறுமொழி சொல்ல முடியவில்லை. மகன் காரணத்தைத் தாயிடம் சொல்லியிருந்தாரோ தெரியாது.

அந்த விதவைத் தாயின் பெட்டிகளையும் படம் பிடித்து, அவருடைய பெயரிலேயே, அவர் கேட்கும் விலையிலேயே ஒரு பதிவு போட்டுக் கொடுக்கத் தாம் ஆயத்தம் என்று இளைஞர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஊரையும் பெயரையும் கேட்டார். அந்த அம்மாவைக் கேட்காமல் சொல்லமாட்டேன் என்றேன். அடுத்த முதல் வெள்ளிக்கிழமை அவருடைய தகப்பனாருக்கு நற்கருணை கொண்டுபோகும்போது கேட்க வேண்டும். இரண்டரை நாள் வேலைக்கு அவர் என்ன விலை சொல்லுவார் என்று எனக்குத் தெரியாது. 1,200க்கு மேலே வரும் என்பது நிச்சயம்.